ஓடுற தண்ணி தேடிப்போன சூடாமணி மதினி

எங்க மதினி சூடாமணிக்குப் பயப்படுறதுக்குத் தனியா ஒரு காரணமும் வேண்டாம். லிஃப்டைக் கண்டா பயம், எஸ்கலேட்டரைக் கண்டா பயம், குக்கர் கொஞ்சம் அதிகமா விசிலடிச்சா அடுக்களையை விட்டே வெளியே வந்துருவா. பழவங்காடிப் பிள்ளையார் கோவில் முன்னால ரோடு தாண்டணும்னா பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடுவா, எதிர்ல வர்ற பஸ்ஸுக்கும் ஒரு கும்பிடு போடுவா. ஊருக்குக் கிளம்பி ஆட்டோவுல ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸை மூடினோமான்னு இறங்கிப் போய் பார்த்துட்டு வருவா. ஆட்டோக்காரன் முறைப்பான். நான் தலையில அடிச்சுக்கிடுவேன்.

நான் யாருன்னு கேட்டா, அவளுக்கு நாத்தனார். பேரு செல்வமணி. எனக்கு வாய் நீளம்னு தெருவே சொல்லும், சொல்லிட்டுப் போகட்டும். என் அண்ணன் வன்னியபெருமாளுக்கு ஆரியசாலையில மொத்த மளிகைக் கடை. கடைக்கு மேல மாடியிலதான் அவங்க குடியிருக்காங்க. நான் அடுத்த சந்து. அதனால மதினியோட பயம் அத்தனையும் முதல்ல என் வாசலுக்குத்தான் வந்து சேரும்.

இருக்குறதுலேயே பெரிய பயம் தண்ணி. அவ பிறந்தது வள்ளியூர்ப் பக்கம். வாளி விட்டு எடுக்குற கிணத்துத் தண்ணி மட்டுந்தான் அவளுக்குப் பழக்கம். கல்யாணம் ஆகி இங்க மலையாளச் சீமைக்கு வந்த புதுசுல சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனோம். நான் அலையில கால் நனைக்கப் போனேன். பின்னாலேயே வந்து என் முந்தானையைக் கையில சுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "விடுங்க மதினி, நான் என்ன ஆட்டுக்குட்டியா, கட்டிப்போட?"ன்னு கத்தினேன். விடலையே. அன்னையிலிருந்து குளம், அருவி, ஆறுன்னு எங்க போனாலும் என் முந்தானை அவ கையிலதான். பயந்தாங்கொள்ளிக்குப் பிடிச்சுக்கிட ஒரு துணி வேணும்லான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கேன்.

அப்பேர்ப்பட்டவ ஒரு நாள் தானா வாயைத் திறந்து, படகுல ஏறுறேன்னு சொன்னா. எல்லாம் பரண்ல இருந்த ஒரு சாக்குச் சாமிக்காக.

எங்க தெருக் கடைகளுக்கு வருஷா வருஷம் காலண்டர் வந்து குவியும். எண்ணெய்க் கம்பெனிக்காரன் லட்சுமியைத் தருவான், பருப்பு மில்காரன் பிள்ளையாரைத் தருவான், சாக்கு விக்கிறவன் ஐயப்பனைத் தருவான். வருஷம் முடிஞ்சா தேதி போயிரும், சாமி போகாதே. கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, குப்பைக்கூடை பக்கமே கொண்டு போகக் கூடாது, மதினி சட்டம். "நிக்குற தண்ணியில போட்டாலும் அது குப்பைதான் செல்வமணி. ஓடுற தண்ணியில விட்டாத்தான் மரியாதையா அனுப்பி வச்ச மாதிரி"ம்பா. முன்னெல்லாம் கரமனை ஆத்துப் பாலத்துல நின்னு விட்டுட்டு வருவோம். பிறகு ஜனங்க கோழிக்குப்பை எல்லாம் கொண்டு கொட்டி, பாலத்துக்கு உயரமா வலை அடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் பழைய சாமியெல்லாம் பரண்ல சாக்குக்குள்ள போய் உட்கார்ந்துட்டாங்க.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தூசி தட்டும்போது என் அண்ணன் கை தவறி ஒரு படத்தைக் கீழே போட்டான். மதினி கல்யாணம் ஆகி வரும்போது அவங்க அப்பா கொடுத்துவிட்ட திருச்செந்தூர் முருகன் படம். வள்ளியூர்ல இருந்து பஸ்ஸுல மடியிலேயே வச்சுக்கொண்டு வந்தது. கண்ணாடி நொறுங்கிப் போச்சு. உடைஞ்ச படம் வீட்டுல இருக்கக் கூடாது, அதுவும் அவ சட்டந்தான். அன்னைக்கு முழுக்க அவ சோத்துல கை வைக்கலை. அண்ணன் கடையை விட்டு மாடிக்கே வரலை, அவனுக்கும் பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவங்க மக திவ்யலட்சுமி வந்தா. கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அங்கேயே ஃபிளாட்டு. "அம்மே, எப்பவும் இந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்காதீங்க. தெக்கே நெய்யாறு கடல்ல சேருற இடத்துல ஒரு காடு இருக்கு, தண்ணிக்குள்ளேயே மரம். படகுல போய்ப் பார்க்கலாம், நிறையப் பட்சி வரும்"னா. மதினி மாட்டேன்னுதான் சொல்லப் போறான்னு நான் பார்த்துக்கிட்டிருக்கேன். அவ முருகன் படத்தையே பார்த்துட்டு, "அங்க தண்ணி ஓடுமாட்டி?"ன்னு கேட்டா. திவ்யா சிரிச்சுட்டா. "ரிவர்தானே அம்மா, ஓடாம பின்னே?"

வந்துட்டா மதினி. கூடவே ஒரு கட்டைப்பையும் வந்துச்சு. திவ்யா பையைத் திறந்து பார்த்துட்டுக் கத்தின கத்து தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் அவளே உட்கார்ந்து காலண்டர்ல இருந்த தகரப் பட்டையைப் பிடுங்கி, பிளாஸ்டிக்கை உரிச்சு, முருகன் படத்துல மிச்சம் ஒட்டியிருந்த கண்ணாடியைக் குறடால எடுத்துப் போட்டா. வெறும் காகிதமும் மரச்சட்டமும்தான் மிச்சம். "இதுகூட அங்க போடச் சம்மதிக்க மாட்டாங்க அம்மா"ன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனா. மதினி காதுல போட்டுக்கிடலை.

படகுக்காரர் பேரு நேசையன். அந்தப் பக்கத்து ஆளு, மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டதும் மதினி கண்ணை மூடிக்கிட்டா. ஒரு கை பையில, ஒரு கை என் முந்தானையில. ரெண்டு பக்கமும் கண்டல் மரம், வேர் எல்லாம் தண்ணிக்கு மேல கூடை கூடையா நிக்குது. நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக் காய வச்சுக்கிட்டிருந்துச்சு. ஒரு மீன்கொத்தி படகை ஒட்டியே பறந்துச்சு. "மதினி, கண்ணைத் திறங்க, எவ்வளவு அழகா இருக்கு"ன்னேன். ஒத்தைக் கண்ணைத் திறந்தா. பார்த்தது மரத்தையும் இல்லை, பறவையையும் இல்லை. தண்ணியை.

"இது ஓடலையே"ன்னா.

உண்மைதான். தண்ணி கரை முட்ட நிறைஞ்சு கிடந்துச்சு, ஒரு இலைகூட நகரலை. நேசையன்தான் சொன்னார். "ஆறு கடல்ல சேருற பொழி அடைஞ்சு கிடக்கு அம்மா. கடல் மண்ணைக் கொண்டு போட்டு ஆத்தோட வாயை மூடிருச்சு. மலையில நல்ல மழை. வெள்ளம் ஏறிக்கிட்டே இருக்கு. இன்னைக்கோ நாளைக்கோ அதுவே மண்ணை வெட்டிட்டுக் கடலுக்குப் போகும். இல்லைன்னா ஊர்க்காரங்க மண்வெட்டியோட போய் வெட்டி விடுவோம். அதனால மணல்ல இறங்கிக் கடல் பார்க்கலாம், பொழி பக்கம் மட்டும் போகாண்டாம், கேட்டோ?" பிறகு கட்டைப்பையைப் பார்த்தார். "அதுல உள்ளது ஒண்ணும் இந்தத் தண்ணியில போடக் கூடாது. பட்சிகளோட ஸ்தலம்." அதே சங்கதியை எழுதி ஒரு போர்டும் நட்டிருந்துச்சு. மதினி வாயை இறுக்க மூடிக்கிட்டா. அந்த மூடலைப் பார்த்தா எனக்குத் தெரியும், இவ கேக்கப் போறதில்லை.

ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவுல நீளமா மணல். அங்க இறக்கிவிட்டாங்க, ஜாக்கெட்டைக் கழட்டிப் படகுலேயே போட்டோம். திவ்யா பறவையைப் போட்டோ எடுக்கப் போயிட்டா. நேசையன் ஓலைக் கொட்டகையில டீ குடிக்க உட்கார்ந்தார். மதினி என் காதுக்குப் பக்கத்துல வந்து, "ஒண்ணுக்கு வருது செல்வமணி, கொஞ்சம் தள்ளிப் போவோமா?"ன்னா. ஒண்ணுக்குப் போறவளுக்குக் கட்டைப்பை எதுக்கு? தெரிஞ்சுதான் நானும் போனேன். அந்தப் படத்தை விட்டாலாவது இவ நிம்மதியாச் சோறு திம்பாளேன்னு ஒரு நினைப்பு.

மணல்ல ரொம்ப தூரம் நடந்தோம். மதினி கண்ணு முழுக்க ஓடுற தண்ணியைத் தேடுது. திடீர்னு நின்னா. "இங்க பாரு, இங்க பாரு!" ஆத்துப் பக்கத்துல இருந்து கடல் பக்கத்துக்கு, மணல் மேல ஒரு சின்ன வாய்க்கால். நம்ம வீட்டு முத்தத்துல மழைத் தண்ணி வழியுமே, அவ்வளவுதான் அகலம். பாதம்கூட நனையாது. ஆனா ஓடுச்சு. பளபளன்னு, சின்னச் சத்தம் போட்டுக்கிட்டு, கடலைப் பார்த்து ஓடுச்சு. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல மேடா மணல். மதினி முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் திவ்யா பிறந்தப்பதான் பார்த்திருக்கேன். "முருகா, வழி காட்டிட்டியேப்பா"ன்னா.

பொழின்னா பெருசா, சத்தமா, ஆறும் கடலும் முட்டிக்கிட்டு நிக்குற இடம்னு நாங்க ரெண்டு பேரும் நினைச்சிருந்தோம். இந்த ஒழுகல்தான் மண் உடைஞ்சு பொழி முறியுறதோட ஆரம்பம்னு எங்களுக்கு யாரு சொல்லித்தந்தா? எல்லா ஜனமும் அதைக் கண்டா விலகிப் போகும். ஓடுற தண்ணி வேணும்னு நாங்க அதைத் தேடிப் போனோம்.

மதினி ஒரு எட்டுல வாய்க்காலைத் தாண்டி நடு மேட்டுக்குப் போயிட்டா. "நான் வரலை, சட்டுனு முடிங்க"ன்னு நான் இந்தப் பக்கமே நின்னேன். அவ எனக்கு முதுகு காட்டி, அந்தப் பக்கத்து வாய்க்கால் ஓரமா முட்டுவலியோட மெல்ல உட்கார்ந்தா. ஒவ்வொரு காலண்டராக் கண்ணுல ஒத்தி, "போயிட்டு வா தாயே", "போயிட்டு வாப்பா"ன்னு விடுதா. லட்சுமி போனா. பிள்ளையார் போனார். ஐயப்பன் ஒரு சுத்து சுத்திட்டுப் போனார். கல்யாண வீட்டுல விருந்தாளியை வழியனுப்புற மாதிரி அவ்வளவு நிதானம். "அங்க என்ன, ஊர்க்கதையா பேசுதீங்க? நேசையன் வந்தா கிழிச்சிருவார்!"ன்னு கத்தினேன். அவ கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டிருந்தா.

முதல்ல சத்தம்தான் மாறுச்சு. சலசலன்னு கேட்டது கரகரன்னு ஆச்சு. நான் குனிஞ்சு பார்த்தேன். எனக்கு முன்னால ஒரு எட்டு இருந்த வாய்க்கால் இப்ப ஒரு கட்டில் அகலம். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஓரத்து மணல் ஒரு கட்டியா 'பொதக்'குன்னு உள்ளே விழுந்துச்சு. தண்ணி டீ நிறத்துல கலங்கிச்சு. இன்னொரு கட்டி. "மதினி!"ன்னு கத்தினேன். கடல் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கலை. "மதினீ!"

திரும்பினா. பார்த்துட்டா. எழுந்து நின்னா. அவளுக்கு அந்தப் பக்கமும் தண்ணி அகண்டு கிடந்துச்சு. நடுவுல அந்த மேடு, அதுல எங்க மதினி, கையில கட்டைப்பை. ஆறு மொத்தமும் விழிச்சு எழுந்து அந்த ரெண்டு வழியாவும் கடலுக்கு ஓடத் தொடங்கிருச்சு. தூரத்துல திவ்யா எங்களைப் பார்த்துட்டு அலறிக்கிட்டே கொட்டகைக்கு ஓடினா. நேசையன் டீ கிளாஸை எறிஞ்சுட்டுப் படகைப் பார்த்து ஓடுறதும் தெரிஞ்சுது. படகு இருந்த இடமோ ரொம்ப தூரம்.

நான் என்ன செய்யணும்? யோசனையே வரலை. இடிஞ்ச விளிம்பு வரைக்கும் போய் ரெண்டு கையையும் நீட்டினேன். "குதிங்க மதினி! நான் பிடிச்சுக்கிடுதேன், குதிங்க!" அவ எங்க குதிப்பா? முட்டுவலிக்காரி. தண்ணி போற வேகத்துல ஒரு யானை விழுந்தாலும் இழுத்துட்டுப் போயிரும். அவ சாகப் போறா, என் கண்ணு முன்னாலேயே போகப் போறா, அண்ணன்கிட்ட நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?

அவ என்னைப் பார்த்து என்னமோ கத்துதா. வாய் மட்டும் திறந்து மூடுது, ஒண்ணும் கேக்கலை. கையை ஆட்டுதா. என்னை வரச்சொல்லுதா, காப்பாத்தச் சொல்லுதான்னு நினைச்சு இன்னும் முன்னால போனேன். அவ இன்னும் பலமா ஆட்டினா. நான் இன்னும் ஒரு அடி வச்சேன். என் கால் விரல் விளிம்புக்கு வெளியே நிக்குது.

அப்ப அவ பைக்குள்ள கையை விட்டு முருகன் படத்தை எடுத்தா. கடைசியா அதுதான் இருந்துச்சு. நெஞ்சோட ஒரு தடவை அணைச்சுக்கிட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்! "அடி பாவி மதினி, உசிரு போற நேரத்துலயும் படத்தை விடணுமா உனக்கு?"ன்னு திட்டினேன். வாழ்க்கையில முதல் தடவையா அவளை 'நீ'ன்னு சொல்லிட்டேன்.

அவ அதைத் தண்ணியில விடலை. ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி, என்னைப் பார்த்து எறிஞ்சா.

சாமி படம் கீழே கிடந்தா தாண்டிக்கூடப் போகமாட்டா. தீப்பெட்டி மேல அம்மன் படம் இருந்தா அந்தத் தீப்பெட்டியையே வாங்கமாட்டா. அவ எறிஞ்ச முருகன் வந்து என் வயித்துல சட்டத்தோட மோதினாரு. 'அம்மா'ன்னு நான் பின்னால போய் மல்லாக்க விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். நான் நின்ன இடத்தைக் காணோம். மணல் இல்லை, என் செருப்புத் தடம் இல்லை, ஒண்ணுமில்லை. கலங்கின தண்ணி சுழிச்சுக்கிட்டுப் போகுது. அடியில எப்பவோ அரிச்சுட்டுப் போயிருந்திருக்கு. மேல நின்ன எனக்குத் தெரியலை, எதிர்ல நின்ன அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பின்னால போ, பின்னால போன்னுதான் அவ அவ்வளவு நேரமும் கத்தியிருக்கா.

மணல்ல கிடந்தபடியே அழுதேன். முப்பது வருஷத்துக்கு மேலா, அவ பயத்துல என் முந்தானையைப் பிடிச்சுக்கிடுதான்னு நான் ஊர் பூராவும் சொல்லிச் சிரிச்சிருக்கேன். நான் விழுந்துரக் கூடாதுன்னுல்லா அவ பிடிச்சிருக்கா!

நேசையன் படகு வந்துச்சு. நேரே மேட்டுக்கு ஓட்டினா படகையும் இழுத்துக் கடல்ல எறிஞ்சிரும். அதனால ஆத்துக்குள்ள தள்ளி நங்கூரத்தைப் போட்டு, அதுல நீளக் கயிறைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக் கயிறை விட்டு, படகைப் பின்பக்கமா இறக்கிட்டு வந்தார். இன்னொரு படகுக்காரர் கூட இருந்து கயிறைப் பிடிச்சார். கயிறு விறைச்சுக்கிட்டு நிக்குது. அது அந்துட்டா மூணு பேரும் போச்சு. மேடு இப்ப ஒரு பாய் அளவுதான் இருக்கு. "அம்மா, கையைத் தா! சாடு அம்மா, குதிச்சிரு!"ன்னு நேசையன் அலறுதார்.

மதினி ஏறலை. கையை நீட்டி என்னைக் காட்டுதா. "அதொண்ணும் பார்க்காதே, ஏறு!"ன்னு அவர் கெட்ட வார்த்தையும் சேர்த்துத் திட்டினார். அவ அசையலை. எனக்கு அப்பதான் உறைச்சுது. நான் இன்னும் விளிம்புக்குப் பக்கத்துலதான் கிடக்கேன். படத்தை அள்ளிக்கிட்டு எழுந்து ஓடினேன், தண்ணியை விட்டு நல்லாத் தள்ளி ஓடினேன், ஓடிப்போய் நின்னு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். பாரு மதினி, தள்ளி வந்துட்டேன், பாரு.

அதுக்குப் பிறகுதான் கட்டைப்பையைக் கீழே போட்டுட்டு நேசையன் கையைப் பிடிச்சா. லிஃப்டுல ஏறாத பொம்பளை அந்த ஆடுற படகுல ஏறினா. படகு ஒரு பக்கமாச் சாஞ்சுது. நான் கண்ணை மூடிக்கிட்டேன். திறந்தப்ப மேடும் இல்லை, பையும் இல்லை. படகு மட்டும் கயிறோட மல்லுக்கட்டிக்கிட்டு அங்குலம் அங்குலமா ஆத்துப் பக்கம் நகருது.

கரைக்கு வந்ததும் நேசையன் எங்க ரெண்டு பேரையும் திட்டினார் பாருங்க, என் அப்பாகூட அப்படித் திட்டினதில்லை. கேட்டுக்கிட்டு நின்னோம். திவ்யா அவ அம்மாவைக் கட்டிப் பிடிச்சுத் தேம்புதா. மதினி என் பக்கத்துல வந்து, "வயித்துல அடி பலமாப் பட்டுட்டா?"ன்னு கேட்டா. அப்புறம், "சாமியை எறிஞ்சுட்டேனே செல்வமணி, சாமியைக் கல்லு மாதிரி எறிஞ்சுட்டேனே"ன்னு உட்கார்ந்து அழுதா.

இப்பவும் பாத்ரூம்ல வாளி நிறைஞ்சு வழியுற சத்தம் கேட்டா ஓடிப்போய்க் குழாயை மூடுதேன். முன்னால பயம் முழுக்க அவகிட்ட இருந்துச்சு, இப்ப பாதி என்கிட்ட.

முருகனை நான் அவகிட்டத் திருப்பிக் கொடுக்கலை. சட்டத்தோட ஒரு மூலை என் வயித்துல பட்டதுல பிரிஞ்சு போயிருந்துச்சு. கம்பி சுத்தி, கண்ணாடி போடாம, என் வீட்டுச் சுவர்லேயே மாட்டிட்டேன். வெள்ளிக்கிழமை மதினி வந்தா. உடைஞ்ச படம் வீட்டுல ஆகாதும்பா, இன்னைக்கு ஒரு சண்டை இருக்குன்னு நான் வாயைத் தீட்டி வச்சுக்கிட்டு நின்னேன். அவ கிட்டப் போய் கம்பி சுத்தின மூலையைத் தொட்டுப் பார்த்தா.

"விளக்குக்கு எண்ணெய் இருக்கா?"ன்னு கேட்டா.

ஏத்திட்டு ரெண்டு பேரும் பழவங்காடிக்குக் கிளம்பினோம். ரோடு தாண்டுற இடத்துல பஸ் ஒண்ணு வேகமா வந்துச்சு. மதினி என் முந்தானையை எடுத்துக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டா. நான் விடச் சொல்லலை.